பைத்தானில் எழுதிய முந்திரி ஆலை மென்பொருளின் மூலநிரலை வாடிக்கையாளரின் கணினியில் காப்பது எப்படி?

கெடிலக்கரை, கடலூர்:

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறோம். பண்ருட்டி, காடாம்புலியூர் வட்டாரத்து முந்திரி ஆலைகளுக்காக, கொட்டை வரவு, வெட்டுச் சோதனை, உடைத்தல், தோல் நீக்கல், தரம் பிரித்தல், டின் இருப்பு, ஜி.எஸ்.டி. பில் ஆகிய அனைத்தையும் கவனிக்கும் மென்பொருளைப் பைத்தானில் எழுதி, பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒரே இ.எக்ஸ்.இ. கோப்பாக்கி விற்கிறோம். திரைகளும் பில்களும் யாரும் எழுதக்கூடியவைதாம். எங்கள் உழைப்பு முழுவதும் மதிப்பீட்டுப் பகுதியில், அதாவது கணிப்புப் பகுதியில், இருக்கிறது. ஒரு லோடு கொட்டையின் மாதிரியை வெட்டிப் பார்த்துக் கிடைக்கும் எடைகளை உள்ளிட்டால், அந்த லோடு மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தரும், அதில் டபிள்யூ 240 எவ்வளவு, டபிள்யூ 320 எவ்வளவு (பவுண்டுக்கு எத்தனை முழுப் பருப்பு என்பதைக் குறிக்கும் தரங்கள் இவை), துண்டும் குறுணையும் எவ்வளவு என்று, ஆலைக்காரர் விலை பேசி முடிப்பதற்குள் அது சொல்லிவிடும்.

அண்மையில் ஓர் ஆலையில் வேறொருவர் விற்ற மென்பொருளைப் பார்க்க நேர்ந்தது. மெனுவின் வரிசை ஒன்றாக இருந்ததைக்கூடத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் பவுண்டுக் கணக்கில் கால் பவுண்டுக்குக் கீழே வரும் பின்னத்தை ஒரு குறிப்பிட்ட தரத்துக்கு மட்டும் மேல்நோக்கி முழுமையாக்குவது எங்களுடைய தனி வழக்கம். அதுவும் அந்த மென்பொருளில் இருந்தது. எங்கள் நிரலை யாரோ பிரித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். இ.எக்ஸ்.இ. கோப்பிலிருந்து பைத்தான் நிரலை மீட்க முடியுமா, முடியுமென்றால் அதைத் தடுக்க என்ன வழி என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

லாஸ்பேட்டை_நிரலன், புதுச்சேரி:

முடியும். அதற்குப் பெரிய திறமைகூடத் தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பைஇன்ஸ்டாலர் உங்கள் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. பைத்தான் இயக்கியையும், தேவையான லைப்ரரிகளையும், உங்கள் நிரலின் பைட்கோடு வடிவத்தையும் (அந்த இயக்கி படிக்கும் இடைநிலை வடிவம்) ஒரே பொதியாகக் கட்டித் தருவதே அதன் வேலை. அந்தப் பொதியை அவிழ்ப்பதற்கு இலவசக் கருவி இருக்கிறது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் சில நொடிகளில் உள்ளிருக்கும் பி.ஒய்.சி. என்ற பைட்கோடு கோப்புகளையெல்லாம் ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும். பைட்கோடு என்பது ஏறக்குறைய உங்கள் நிரலேதான். குறிப்புரைகள் மட்டும் போய்விடும். செயற்கூறுகளின் பெயர், மாறிகளின் பெயர், எண்கள், சரங்கள் (எழுத்துத் தொடர்கள்), விளக்கச் சரங்கள் (டாக்ஸ்ட்ரிங்), வரி எண்கள் ஆகிய அனைத்தும் உள்ளே இருக்கும். பைத்தானின் இரட்டை ஓ (-OO) விருப்பத்தைக் கொடுத்து உருவாக்கினால் விளக்கச் சரங்கள் நீங்கும். அதற்கு மேல் அதனால் பயன் இல்லை.

பைட்கோடைத் திரும்பவும் பைத்தானாக மாற்றும் டிகம்பைலர்களின் திறன் பைத்தானின் பதிப்பைப் பொறுத்தது. 3.8 வரையிலான பதிப்புகளுக்கு அன்கம்பைல்6, டிகம்பைல்3 போன்றவை பெரும்பாலும் நேர்த்தியான நிரலையே திருப்பித் தருகின்றன. அதற்குப் பிந்தைய பதிப்புகளில், குறிப்பாக 3.11இல் பைட்கோடின் அமைப்பே பெரிதும் மாறிய பிறகு, இந்தக் கருவிகள் பாதியில் தடுமாறுகின்றன. இதை நம்பி யாரும் உறங்கிவிடக் கூடாது. பைத்தானுடன் இலவசமாக வரும் டிஸ் என்ற மாட்யூலே பைட்கோடை வரிவரியாக அச்சிட்டுக் காட்டும். அந்தப் பட்டியலை ஏதேனும் ஒரு செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியிடம் கொடுத்தால் படிக்கத்தக்க நிரலாக எழுதித் தந்துவிடுகிறது.

கெடிலக்கரை, கடலூர்:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. எங்கள் கோப்பை நானே பிரித்துப் பார்த்தேன். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்பதால் கணிப்புப் பகுதியின் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருந்தோம். டிஸ் அச்சிட்ட பட்டியலில் "வெட்டுச்சோதனை_மதிப்பு" என்ற செயற்கூறும், அதனுள் "நல்லபருப்பு", "புள்ளிப்பருப்பு" என்ற மாறிகளும், அவற்றை அடுத்து 0.5, 80, 453.6 என்ற எண்களும் வரிசையாக நிற்கின்றன. தமிழ் தெரிந்த எவரும் நிரலாக்கம் தெரியாமலேயே சூத்திரத்தை எழுதிக்கொள்ளலாம்.

ஆலைக்கணக்கர், பண்ருட்டி:

நான் மென்பொருள் வாங்கிப் பயன்படுத்துகிற பக்கத்தில் இருப்பவன். இந்த இழையில் பேசலாமா என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ கொட்டையை வெட்டி, நல்ல பருப்பின் எடையோடு புள்ளி விழுந்த பருப்பின் எடையில் பாதியைச் சேர்த்து, 80 கிலோ மூட்டைக்குப் பெருக்கி, 453.6 கிராமால் வகுத்துப் பவுண்டாக்குவது உலகம் முழுவதும் முந்திரி வியாபாரத்தில் உள்ளவர்கள் செய்கிற கணக்கு. 280 கிராம் தேறினால் 49.38 பவுண்டு என்று எங்கள் ஆலையில் மேஸ்திரியே கால்குலேட்டரில் தட்டிச் சொல்வார். அதில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது?

கெடிலக்கரை, கடலூர்:

நீங்கள் சொல்வது சரிதான் ஐயா. அந்தச் சூத்திரம் எங்களுடையது அல்ல. எந்த நாட்டுக் கொட்டைக்கு, எந்த ஈரப்பதத்தில், வேகவைத்து உடைக்கும்போது எத்தனை விழுக்காடு துண்டாகிறது என்பதைப் பல பருவங்களாக ஆலைகளிலிருந்து திரட்டி ஓர் அட்டவணையாக வைத்திருக்கிறோம். மதிப்பீடு பொய்க்காமல் வருவது அதனால்தான்.

வில்லியனூர்_வேர், புதுச்சேரி:

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? பைஆர்மர் போன்ற கருவியைக் கொண்டு நிரல் முழுவதையும் மறையாக்கம் செய்துவிடலாம். பெயர்களெல்லாம் குழம்பிவிடும், குறிப்பிட்ட கணினியில் மட்டும் இயங்குமாறு கட்டிவைக்கலாம், குறிப்பிட்ட நாளோடு காலாவதியாகவும் செய்யலாம். கட்டணமும் கையைக் கடிக்காது.

லாஸ்பேட்டை_நிரலன், புதுச்சேரி:

அது பயனற்றது என்று சொல்லமாட்டேன். பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிற ஆளை அது நிறுத்திவிடும். ஆனால் மறையாக்கத்தின் எல்லை எது என்பதைப் புரிந்துகொண்டுதான் பணம் கட்ட வேண்டும். நிரலை எப்படிப் பூட்டினாலும், அதை இயக்கும் நேரத்தில் இயக்கிக்குப் புரிகிற வடிவத்தில் நினைவகத்தில் வைத்தே தீர வேண்டும். அதற்கான சாவியும் அதே கணினியில்தான் இருக்கும். வீட்டைப் பூட்டிச் சாவியை வாசல் மாடத்திலேயே வைப்பது போன்ற ஏற்பாடு இது. பைஇன்ஸ்டாலரிலும் முன்பு பைட்கோடை மறையாக்கும் வசதி ஒன்று இருந்தது. சாவி அந்தப் பொதிக்குள்ளேயே கிடந்ததால், போலியான நம்பிக்கையைத் தருகிறது என்று 6.0 பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள்.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு டிராப்பாக்ஸ். அவர்களுடைய கணினிச் செயலி பைத்தானில் எழுதப்பட்டது. வெறும் மறையாக்கத்தோடு நில்லாமல், பைத்தான் இயக்கியையே திருத்தி, கட்டளைகளின் எண்களையெல்லாம் இடம் மாற்றி, பொதுவான டிகம்பைலர் எதுவும் வாசிக்க முடியாதபடி செய்திருந்தார்கள். 2013இல் யூஸ்னிக்ஸ் என்ற கணினி ஆய்வாளர் அமைப்பின் பட்டறை ஒன்றில் இரு ஆய்வாளர்கள் அதை அவிழ்த்த முறையை வெளிப்படையாக விளக்கிக் கட்டுரை வாசித்தார்கள். அத்தனை பொறியாளர்களை வைத்திருந்த நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், நாம் செலவழிக்கக்கூடிய பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு கிடைக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பைஆர்மர் போன்ற கருவிகள் பொதியை வைரஸ் என்று சந்தேகிக்க வைப்பதும் உண்டு. திங்கட்கிழமை காலையில் ஆலையிலிருந்து "உங்கள் சாஃப்ட்வேரை ஆண்டிவைரஸ் தூக்கிவிட்டது" என்று அழைப்பு வந்தால் நீங்கள்தான் ஓட வேண்டும்.

காலாவதி நாள், உரிமச் சோதனை ஆகியவற்றைப் பற்றியும் ஒரு சொல். உரிமக் கோப்பை உங்களிடம் மட்டுமே இருக்கும் தனிச்சாவியால் மின்கையொப்பமிட்டு, அதைச் சரிபார்க்க மட்டும் உதவும் பொதுச்சாவியை மட்டும் மென்பொருளில் வைத்தால், பிறர் போலி உரிமம் தயாரிக்க முடியாது; இதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் "உரிமம் சரியாக இருந்தால் தொடர்க" என்ற நிபந்தனை பைட்கோடில் நிரலின் வேறிடத்துக்குத் தாவச் சொல்லும் ஒரே ஒரு கட்டளைதான். அதை மாற்றிவிட்டால் கையொப்பம் எவ்வளவு வலுவானதாக இருந்தும் கேட்பார் இல்லை.

முதுநகர், கடலூர்:

நண்பர் எதைக் காக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டதால் வேலை எளிதாகிவிட்டது. மென்பொருள் முழுவதையும் பூட்ட வேண்டிய அவசியம் இல்லை. கணிப்புப் பகுதியை மட்டும் தனி மாட்யூலாகப் பிரித்துச் சைத்தன் கொண்டு சி மொழிக்கு மாற்றித் தொகுத்தால், விண்டோஸில் அது ஒரு பி.ஒய்.டி. கோப்பாகிவிடும். அதில் பைட்கோடு இருக்காது. பிரித்துப் பார்க்க விரும்புகிறவர் இயந்திரக் கட்டளைகளைப் படிக்கத் தெரிந்தவராகவும், சைத்தன் உருவாக்கும் நீண்ட சி நிரலின் போக்கை அறிந்தவராகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் நம் மாவட்டத்தில் இருந்தால், முந்திரி மென்பொருளைத் திருடுவதைவிட நல்ல சம்பளம் தரும் வேலை அவருக்குக் கிடைத்திருக்கும்.

நுய்ட்கா என்பதும் இதே வழியில், ஆனால் நிரல் முழுவதையும் சி மொழிக்கு மாற்றித் தருகிறது. தொகுக்கும் நேரம் மிக நீளும். மாறிலிகளைப் படிக்க முடியாமல் மறைக்கும் வசதி அதன் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. உங்கள் தேவைக்குச் சைத்தன் போதும்.

சைத்தனில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. சாதாரணமாக எழுதிய செயற்கூறுகளை யார் வேண்டுமானாலும் அந்த மாட்யூலை இம்போர்ட் செய்து பெயர் சொல்லி அழைக்கலாம். சி-டெஃப் (cdef) என்ற சைத்தன் சொல்லால் அறிவித்தவை வெளியே தெரியா. ஆகவே வெளியிலிருந்து அழைக்கப்படும் வாசல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் சி-டெஃப் ஆக்கிவிடுங்கள். நிரலில் இருக்கும் சரங்கள், எஸ்.க்யூ.எல். வினவல்கள், தரவுத்தளக் கடவுச்சொற்கள் ஆகியவை தொகுத்த பிறகும் கோப்பில் படிக்கும்படியே கிடக்கும். ஸ்ட்ரிங்ஸ் என்ற சிறு கருவி அவற்றைப் பொறுக்கித் தந்துவிடும். அதன் வழக்கமான அமைப்பில் தமிழ் எழுத்துகளை அது கண்டுகொள்வதில்லை என்பது வேடிக்கை. அதற்காகத் தமிழில் எழுதினால் பாதுகாப்பு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பி.ஒய்.டி. கோப்பைப் பிரிக்காமலேயே ஒருவர் அதை அப்படியே தன் மென்பொருளோடு சேர்த்துக்கொண்டு, வாசல் செயற்கூறை அழைத்து விடையைப் பெற்றுக்கொள்ளலாம். அல்லது ஈரப்பதத்தை ஒவ்வொரு புள்ளியாக மாற்றிக் கொடுத்து, வரும் விடைகளை எக்ஸெலில் குறித்தால் உங்கள் அட்டவணையே அவருக்குக் கிடைத்துவிடும். இதைச் சைத்தனோ வேறு எந்தத் தொகுப்பியோ தடுக்காது. எனவே அட்டவணையை மென்பொருளுக்குள் நிலையாக வைக்காமல், அந்தந்தப் பருவத்துக்கும் அந்தந்த ஆலைக்கும் உரிய பகுதியை மட்டும் தனிக் கோப்பாகக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். பருவம் மாறினால் பழைய எண்களின் மதிப்புக் குறைந்துவிடும். நகலெடுத்தவருக்குப் போன வருடத்துக் கணக்குதான் மிஞ்சும்.

வில்லியனூர்_வேர், புதுச்சேரி:

அப்படியானால் கணிப்பை முழுவதுமாகச் சர்வரில் வைத்து இணையம் வழியே விடையை மட்டும் அனுப்பலாமே? நிரல் வாடிக்கையாளரிடம் போகவே போகாது.

ஆலைக்கணக்கர், பண்ருட்டி:

எங்கள் ஆலைகளுக்கு அது ஒத்துவராது நண்பரே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது இந்த மாவட்டம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் இணைப்பு போனது. ஜெனரேட்டரை வைத்துக் கணினியை ஓட்டிவிடலாம், இணையத்தை ஓட்ட முடியாது. லோடு வந்து வாசலில் நிற்கும்போது சர்வர் கிடைக்கவில்லை என்றால் அந்த மென்பொருளை அன்றே மூட்டை கட்டிவிடுவோம்.

இதோடு வாங்குகிறவர் தரப்பின் கவலை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிரலை நீங்கள் இறுக்கிப் பூட்டப் பூட்ட எங்களுக்குப் பயம் அதிகமாகிறது. நாளைக்கு உங்கள் நிறுவனம் மூடப்பட்டால், பல வருடக் கணக்கு உள்ளே மாட்டிக்கொண்ட நிலையில் நாங்கள் யாரிடம் போவது? காலாவதி நாள் வைப்பவர்கள் முக்கியமாக இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கெடிலக்கரை, கடலூர்:

இது நியாயமான கேள்வி. தரவுத்தளத்தை எந்த நேரத்திலும் எக்ஸெல் கோப்பாக எடுத்துக்கொள்ளும் வசதி உரிமம் முடிந்த பிறகும் இயங்குமாறு வைத்திருக்கிறோம். மூலநிரலின் ஒரு படியை உறையிலிட்டு இரு தரப்புக்கும் பொதுவான ஆடிட்டரிடம் ஒப்படைத்து, நாங்கள் தொழிலை நிறுத்தினால் மட்டும் ஆலைக்குக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

வழக்குமேசை, கடலூர்:

சட்டத்தின் பக்கத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதிய அந்தக் கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமன்று, ஆனால் வழக்கு என்று வந்தால் சான்றாக உதவும். பதிவுக்கு மூலநிரலின் முதல் 10 பக்கங்களையும் கடைசி 10 பக்கங்களையும் எதையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. மொத்தமே 20 பக்கங்களுக்குக் குறைவு என்றால் முழுவதையும் கொடுக்க வேண்டும். உங்கள் கணிப்புப் பகுதி எந்தப் பக்கங்களில் வருகிறது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

உரிமை எதன் மீது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நிரலின் எழுத்து வடிவம் உங்களுடையது. அதன் பின்னுள்ள எண்ணமும் கணக்கிடும் முறையும் உங்களுடையவை அல்ல. சட்டப்படி மென்பொருளின் படியை (நகலை) பெற்றவர், அதன் அடிப்படைக் கருத்துகளை அறிவதற்காக அதன் இயக்கத்தைக் கவனிப்பதையும் ஆராய்வதையும் சோதிப்பதையும் பிரிவு 52 அனுமதிக்கிறது. ஆகவே ஒருவர் உங்கள் மென்பொருளை ஓட்டிப் பார்த்துத் தன் சொந்த நிரலை எழுதினால் அது குற்றமாகாது. உங்கள் நிரலை வரிக்கு வரி எடுத்துப் பெயரை மாற்றி விற்றால் அது மீறல். நீங்கள் கண்ட அந்த முழுமையாக்கும் வழக்கம் இரண்டாவது வகைக்கு ஒரு தடயமாகலாம். அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. மீறிய படி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துகிறவருக்கு 63பி பிரிவின்படி 7 நாளுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65ஆம் பிரிவைப் பலரும் இங்கே மேற்கோள் காட்டுவார்கள். அது சட்டப்படி வைத்துக் காக்க வேண்டிய மூலநிரலைச் சிதைப்பது பற்றியது. உங்களுக்குப் பொருந்துவது கடினம். மூலநிரலைத் திருடுவதைப் பற்றிப் பேசும் 43ஆம் பிரிவின் ஜே உட்பிரிவைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாக, நிரல் உண்மையிலேயே பிரித்துத்தான் எடுக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலும் டிகம்பைலர் எதுவும் இருந்ததில்லை. சர்வீஸுக்குப் போன ஆள் ஆலையின் கணினியில் மூலநிரல் ஃபோல்டரை வைத்துவிட்டு வந்திருப்பார், அல்லது வேலையை விட்டுப் போனவர் லேப்டாப்பில் எடுத்துப் போயிருப்பார். போனவர் போட்டித் தொழில் தொடங்கக் கூடாது என்று எழுதி வாங்கினால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடும். ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று எழுதி வாங்குவது செல்லும். நம் நாட்டில் வணிக ரகசியத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லாததால், அந்த ஒப்பந்தத்தின் வாசகம்தான் உங்கள் ஆயுதம்.

பாகூர்_பகுதிநேரம், புதுச்சேரி:

வழக்குமேசை ஐயா விட்ட ஒன்றை, வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கும் நிரலாளன் என்ற முறையில் நான் சேர்க்கிறேன். சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியின்போது எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம். என்னைப் போன்ற ஒப்பந்த ஆள் எழுதியது, பணம் முழுவதையும் கொடுத்துவிட்டாலும், எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தராதவரை என்னுடையதே. இது தெரியாமல் பலர் எங்களிடம் வேலை வாங்குகிறார்கள்.

வழக்குமேசை, கடலூர்:

முற்றிலும் சரி, பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 17உம் 19உம் சொல்வது அதுதான். உரிமை மாற்றத்தை எழுதும்போது காலத்தையும் இடத்தையும் குறிப்பிட மறக்க வேண்டாம். குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கும் இந்தியாவுக்கும் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கெடிலக்கரை, கடலூர்:

கணிப்புப் பகுதி முழுவதையும் எழுதியவர்கள் நாங்கள்தாம். ஜி.எஸ்.டி. பகுதியை எழுதியவரிடம் உரிமை மாற்றப் பத்திரம் இருக்கிறது; அதில் காலம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். மூலநிரல் ஃபோல்டர் பற்றி விசாரித்தேன். சர்வீஸுக்குப் போகிறவர்களிடம் இனி தொகுத்த கோப்புகள் மட்டுமே இருக்கும். பிழை பார்க்க வேண்டுமானால் பதிவுக் கோப்பை (லாக் ஃபைல்) அலுவலகத்துக்கு அனுப்புவார்கள்.

கணிப்பைச் சைத்தனுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டோம். ஒரே ஒரு சிக்கல்: சில ஆலைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது.

முதுநகர், கடலூர்:

அப்படியானால் பைத்தான் 3.8தான் உங்களுக்குக் கடைசி, 3.9 முதல் விண்டோஸ் 7இல் இயங்காது. டிகம்பைலர்கள் மிக நன்றாகப் பிரிப்பதும் இந்த 3.8ஐத்தான். எனவே அந்த ஆலைகளுக்குக் கணிப்பு மட்டுமல்லாமல் உரிமச் சோதனையையும் சைத்தனுக்குள் கொண்டுபோய்விடுங்கள். 3.8க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன என்பதால், விண்டோஸ் 10க்கு மாறும் ஆலைகளுக்கு வேறு தொகுப்பு கொடுப்பது மேல். பி.ஒய்.டி. கோப்பு பைத்தானின் பதிப்புக்கு ஏற்பவும், 32 பிட்டா 64 பிட்டா என்பதற்கு ஏற்பவும் தனித்தனியாகத் தொகுக்கப்பட வேண்டும்.

திரைகளை எதில் கட்டியிருக்கிறீர்கள்?

கெடிலக்கரை, கடலூர்:

பைக்யூட்டி5. கட்டண உரிமம் வாங்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதைத்தான் பயன்படுத்துகிறோம்.

முதுநகர், கடலூர்:

அப்படியென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தீர்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பைக்யூட்டி ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தின் கீழ் வருகிறது. அதைச் சேர்த்து மென்பொருளை விற்றால், வாங்கியவர் கேட்கும்போது மென்பொருளின் மூலநிரல் முழுவதையும் அதே உரிமத்தில் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவர் ஆகிறீர்கள். கட்டண உரிமம் வாங்குங்கள், இல்லையென்றால் அதைவிடத் தளர்வான எல்.ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் கிடைக்கும் பைசைடு2க்கு மாறுங்கள். இரண்டும் க்யூட்டி என்ற ஒரே திரை லைப்ரரியின் மீது அமைந்தவை என்பதால் திரைகளில் பெரிய மாற்றம் தேவைப்படாது. பைசைடு6 வேண்டாம், க்யூட்டி 6 விண்டோஸ் 7இல் ஓடாது. பைசைடின் கோப்புகளைப் பயனர் மாற்றிப் போட்டுக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பதால், ஒரே இ.எக்ஸ்.இ. கோப்பாகக் கட்டாமல் ஃபோல்டராகக் கொடுங்கள்.

வழக்குமேசை, கடலூர்:

முதுநகர் சொன்னதோடு ஒன்று. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் "மென்பொருளைப் பிரித்துப் பார்க்கக் கூடாது" என்ற வாசகத்தை எழுதும்போது, பைசைடு லைப்ரரியில் செய்யும் மாற்றங்களைச் சோதிப்பதற்காகப் பிரிப்பது இதில் சேராது என்று விலக்கும் எழுத வேண்டும், எல்.ஜி.பி.எல். அதைக் கேட்கிறது. வரைவை அனுப்புங்கள், அந்தப் பத்தியை நான் பார்த்துத் தருகிறேன்.

கெடிலக்கரை, கடலூர்:

பைசைடு2க்கு மாற்றிய பிறகு வரைவை அனுப்புகிறேன் ஐயா. அதுவரை புதிய ஆலைகளுக்கு மென்பொருள் நிறுவுவதை நிறுத்தி வைக்கிறோம்.